ஆப்பிரிக்காவில் எந்தக் காடு?

1

டெல்லியை வெளிநாடு என்று சொன்னால் ஊரில் சிரிக்கிறார்கள். பாஸ்போர்ட் கேட்காத ஊர் எப்படி வெளிநாடாகும் என்று அம்பாசமுத்திரத்தில் என் மைத்துனர் ஒவ்வொரு முறையும் கேட்பார். அவரோடு நான் வாதாடுவதில்லை. கடைப்பலகை எதையும் தாய்மொழியில் படிக்க முடியாத இடத்தில் அவர் பாதி ஆயுளைக் கழித்துப் பார்க்கட்டும். வயிற்றுவலி எந்த மாதிரி வலி என்று டாக்டரிடம் இந்தியில் விளக்கட்டும். பெற்ற பிள்ளைகள் தங்களுக்குள் ரகசியம் பேச ஒரு மொழியும் தன்னோடு பேச வேறொரு மொழியும் வைத்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளட்டும். அப்புறம் பேசலாம்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் எங்கள் முப்பத்தைந்தாவது கல்யாண நாள். இதற்கு முந்தியவை எல்லாம் மயூர் விஹாரில் கோயிலுக்குப் போய்வந்து, என் மனைவி கமலா வைக்கிற பாயசத்தோடு முடிந்தவை. இந்த வருஷம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்து ஒரு பரிசு அறிவித்தார்கள். நாலு பேரும் குடும்பமாக ஆப்பிரிக்கா போய்க் காட்டு மிருகங்களைப் பார்த்துவிட்டு வருவது.

மகன் அரவிந்த் டொரன்டோவில் இருக்கிறான். கடைசியாக வீட்டுக்கு வந்தபோது அவன் தலையில் இன்னும் நிறைய முடி இருந்தது. மகள் மது இருப்பது குர்கானில். மெட்ரோவில் வந்துவிடக்கூடிய தூரம்தான். ஆனால் அவளும் டொரன்டோவில் இருப்பவனைப் போலத்தான், வாட்ஸப்பில் வாழ்கிறாள். நாலு பேரும் ஒரே வண்டியில் உட்கார்ந்திருப்போம் என்பதற்காகவே நான் சரி என்றேன். மற்றபடி மிருகம் பார்க்கிற ஆசை எனக்குக் கிடையாது.

பரிசு கொடுப்பவர்கள் பரிசைக் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். இவர்கள் பெயரை மட்டும் கொடுத்தார்கள். எந்த நாடு, எந்தக் காடு, எந்த மாதம் என்று விசாரிக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. மத்திய அரசில் ஃபைல் தள்ளி ரிடயர் ஆனவன், சும்மாதானே இருக்கிறான் என்று நினைத்துவிட்டார்கள்.

2

அந்தக் கண்டத்தில் மிருகம் பார்க்க இத்தனை நாடுகள் இருக்கும் என்று தெரிந்திருந்தால் ஆரம்பத்திலேயே ரிஷிகேஷ் போதும் என்றிருப்பேன்.

அரவிந்த் கென்யா என்றான். அவனுக்கு விமானம் தோது, விசா சுலபம், நைரோபியில் கல்லூரி நண்பன் ஒருவனும் இருக்கிறான். மது போட்ஸ்வானா என்றாள். அங்கே ஆறு ஒன்று கடலுக்குப் போகாமல் பாலைவனத்தில் பரந்து நின்றுவிடுகிறதாம். அதில் படகிலேயே சுற்றலாமாம். போட்ஸ்வானாவில் கூடாரங்களுக்குக் குட்டி விமானத்தில்தான் போக வேண்டும் என்று படித்ததும் நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். நான் தென்னாப்பிரிக்காவைச் சொன்னேன். நல்ல சாலை, நல்ல ஆஸ்பத்திரி. டர்பன் பக்கம் போனால் தமிழர்கள் வேறு இருக்கிறார்கள், முருகன் கோயில் இருக்கிறது. ஆப்பிரிக்கா வரைக்கும் போய்த் தமிழர்களைத் தேடுவதா என்று மது சிரிப்புப் பொம்மைகளாக அனுப்பினாள்.

குடும்பக் குழுவில் நாள் முழுக்க இதே சண்டை. ஆளுக்கொரு நேரம், ஆளுக்கொரு மொழி. அரவிந்த் ஆங்கிலத்தில் மட்டும் எழுதுவான். மது ஆங்கில எழுத்தில் இந்தியும் தமிழும் கலந்து எழுதுவதைப் படிக்க நான் கண்ணாடியை மாற்ற வேண்டும். தமிழ் வாசிக்க வராத பிள்ளைகளுக்கு நான் தமிழில் நீளமாகத் தட்டினால், "வாய்ஸ் நோட் ப்ளீஸ்" என்று பதில் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மது நேரிலேயே வந்தாள். போட்ஸ்வானாவுக்கு ஆள் சேர்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று தோசை சாப்பிடும்போதே தெரிந்தது.

"அப்பா, நீ டென்ஷன் ஆகாதே நா. சிங்கம் எல்லாம் ஜீப் கிட்டயே வருவாங்க. ஒண்ணும் பண்ண மாட்டாங்க" என்றாள்.

சிங்கத்துக்கு மரியாதைப் பன்மை, அப்பாவுக்கு ஒருமை. இந்தியில் யோசித்துத் தமிழில் பேசினால் உயர்திணை அஃறிணையெல்லாம் இப்படித்தான் புரண்டு படுக்கும். தவறைச் சுட்டிக்காட்டினேன். பேச்சை மாற்றுகிறேன் என்று கோபித்துக்கொண்டாள். நான் இலக்கணம் பேசினால் அது எப்போதும் பேச்சை மாற்றுவதாகவே இந்த வீட்டில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இந்தச் சண்டை முழுவதிலும் கமலாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. டெல்லியில் தமிழ்ப் பள்ளி ஒன்றில் உயிரியல் டீச்சர் அவள். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டே எங்கள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

3

எனக்கு மிருகம் பார்க்கிற ஆசை இல்லை என்றேன். அதற்குக் காரணம் உண்டு. நான் வளர்ந்தது காரையாறு அணைக்கட்டுக்குப் பக்கத்தில், மின்வாரியக் குடியிருப்பில். அப்பா அங்கே வேலை பார்த்தார். காட்டின் நடுவில் வரிசையாகக் கொஞ்சம் வீடுகள், அவ்வளவுதான். மிளா என்கிற பெரிய மான் வந்து துணி காயப்போட்ட கொடியை அறுத்துக்கொண்டு போகும். கரடி வரும் என்று சாயங்காலமானால் கதவைச் சாத்துவார்கள். ஒருமுறை பள்ளிக்கூடம் போகும் பாதையில் யானை நின்றதால் கணக்குப் பரீட்சை எழுத முடியாமல் போனது. ஹெட்மாஸ்டர் நம்பவில்லை. மிருகம் என்பது எங்களுக்கு வழியை மறிக்கும் சங்கடம். அதைக் காசு கொடுத்து, ஊசி போட்டுக்கொண்டு, கண்டம் தாண்டிப் போய்ப் பார்ப்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

கமலா வேறு மாதிரி. தூத்துக்குடியில் உப்பளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பிறந்தவள். பாளையங்கோட்டையில் விலங்கியல் படித்தாள். படித்ததெல்லாம் ஃபார்மலினில் ஊறிய தவளையும் படத்தில் இருக்கிற சிங்கமும். கல்யாணம் ஆகி டெல்லிக்கு வந்த பிறகு ஒவ்வொரு வருஷமும் பள்ளிப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போவாள். கூண்டுக்குள் தூங்குகிற மிருகத்தைக் காட்டி, காட்டில் இது என்ன செய்யும் என்று விளக்குவாள். காட்டில் அது செய்வதை அவள் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் காரையாற்றுக்குக் கூட்டிப்போயிருந்தேன். யானை பார்க்க ஆசைப்பட்டு மூன்று நாள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அந்த மூன்று நாளும் ஒரு முயல்கூட எட்டிப் பார்க்கவில்லை.

அதன்பின் எங்களுக்குப் பயணம் என்றால் ஊர்தான். லீவு கிடைத்தால் ரயில், ரயில் நின்றால் ஒரு கல்யாணம், காதுகுத்து அல்லது கருமாதி. அரசாங்கம் தந்த பயணச் சலுகை முழுவதும் தெற்கே போகிற தண்டவாளத்திலேயே தீர்ந்தது. எங்களோடு வேலை பார்த்த பஞ்சாபிகளும் வங்காளிகளும் அந்தமான், காஷ்மீர் என்று சுற்றினார்கள். நாங்கள் தென்காசிக்கு மேற்கே போனதில்லை.

மது கோபித்துக்கொண்டு போன அன்று சாயங்காலம் கமலாவிடம் கேட்டேன். உனக்கு என்ன பார்க்க வேண்டும்?

"கழுதப்புலி" என்றாள்.

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். இல்லை. செத்ததைத் தின்னும் கோழை மிருகம் என்று எல்லாரும் நினைப்பது தப்பு, புள்ளிக் கழுதைப்புலி தானே வேட்டையாடும், கூட்டத்துக்குத் தலைமை பெண் என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறாள். ஒரு பிள்ளையும் நம்புவதில்லையாம். அதை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்றாள். எந்த நாட்டில் அது நிறைய இருக்கும் என்றும் அவளுக்குத் தெரிந்திருந்தது. கென்யா, தான்சானியா. அவள் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது, எங்கள் மூன்று பேரில் யாரும் இடம் தேர்வு செய்யும்போது மிருகத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

4

லக்ஷ்மி நகரில் சோப்ரா என்றொருவர் பயண ஏற்பாடு செய்து தருவதாகக் கேள்விப்பட்டுப் போனோம். நல்ல மனிதர். இரண்டு டீ வரவழைத்தார். கம்ப்யூட்டரில் படம் படமாகக் காட்டினார். எதைக் கேட்டாலும் "ஹோ ஜாயேகா" என்றார், ஆகிவிடும் என்று அர்த்தம். டெல்லியில் இந்தச் சொல்லை நம்பிக் கெட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் எச்சரிக்கையாகவே இருந்தேன்.

எனக்கும் ஒரு மிருகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. காண்டாமிருகத்துக்கு இந்தியில் கைண்டா. நான் கேந்தா என்று சொல்லிவிட்டேன். கேந்தா என்றால் துலுக்கச் சாமந்திப் பூ. அதைப் பார்க்க வேண்டும், கூட்டமாகப் பார்க்க வேண்டும், கிட்டத்தில் நின்று பார்க்க முடியுமா என்று நான் விடாமல் கேட்க, சோப்ரா குழம்பிப்போய், அதற்கு எதற்கு சார் ஆப்பிரிக்கா, உங்கள் மயூர் விஹாருக்குப் பக்கத்தில் காஜிப்பூர் பூ மண்டிக்கு விடியற்காலையில் போனால் போதுமே என்றார். கமலா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். இத்தனை வருஷம் ஃபைல்களில் இந்தியில் நோட்டிங் எழுதிய எனக்கு இது நேர்ந்தது. கமலா சொல்லிக் கேட்ட மது இதைக் குழுவில் போட, அரவிந்த் நைரோபி நண்பன் வரைக்கும் அனுப்பிவிட்டான்.

கென்யா என்று ஒருவழியாக முடிவானது. மது முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டாள். கமலாவின் கோடை விடுமுறையில், ஜூனில் போவது. அப்போதுதான் சோப்ரா ஒரு சின்ன விஷயம் என்று ஆரம்பித்தார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அதைப் போட்டுக்கொண்ட அட்டை இல்லாமல் அந்தப் பக்கத்து நாடுகளுக்குப் போய்த் திரும்பினால், நம் விமான நிலையத்திலேயே பிடித்து, தனியாக அடைத்து வைத்துவிடுவார்களாம். சின்ன விஷயம் என்று டெல்லியில் யார் சொன்னாலும் நான் அன்றிரவு சரியாகத் தூங்குவதில்லை.

5

ஊசி எல்லா இடத்திலும் போட மாட்டார்கள். அதற்கென்று இருக்கிற அரசு மையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். இணையதளம் திறக்காது. திறந்தால் இடம் இருக்காது. இடம் இருந்தால் பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரை ஏற்காது. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை இந்த நாட்டின் வடக்குப் பாதி இன்னமும் நம்பவில்லை. என் பெயரை இரண்டு முறை அடித்து, நாராயணன் நாராயணன் ஆக்கிய பிறகுதான் ஏற்றது. நான் அறுபதைத் தாண்டியவன் என்பதால் உடம்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சான்று வேறு கேட்டார்கள். எங்கள் காலனி டாக்டர் நாடியைக்கூடப் பிடிக்காமல் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

மையத்தில் நீண்ட வரிசை. வேலைக்குப் போகிறவர்கள், கப்பலில் ஏறுகிறவர்கள், ஐ.நா. படைக்குப் போகிற ராணுவத்தினர். எங்கள் முறை வந்தபோது உள்ளே இருந்த பெண் டாக்டர் நான் நீட்டிய சான்றை ஓரமாக வைத்துவிட்டு, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பிரஷருக்கு ஒன்று. மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை ஒன்று. அந்த இரண்டாவது பெயரைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்தார்.

அந்த மாத்திரை உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பது. இந்த ஊசியில் இருப்பது உயிருள்ள கிருமி. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து, உங்களுக்குப் போட மாட்டேன் என்றார். நான் விடவில்லை. ஊசி போட முடியாதவர்களுக்கு விலக்குக் கடிதம் தரலாம் என்று விதி இருப்பதைப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். கடிதம் தரலாம், ஆனால் திரும்பி வரும்போது உங்களை அடைத்து வைப்பார்கள் என்றார். பரவாயில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, என் அப்பா வயதில் இருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன், இந்தக் காய்ச்சலைக் கொண்டுவருகிற கொசு என் கடிதத்தைப் படித்துப் பார்க்காது என்றார்.

காகிதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தேன். கிளம்பு என்று கமலாவிடம் சொன்னேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ரவிக்கையின் இடது கையை மேலே சுருட்டினாள். எனக்குப் போடுங்கள் என்று டாக்டரிடம் இந்தியில் சொன்னாள்.

"நீ எதுக்கு இப்ப குத்திக்கிடுத? அதான் போகப்போறதில்லயே" என்றேன்.

"நீங்க போகப்போறதில்ல" என்றாள்.

டாக்டர் தமிழ் தெரியாதவர். ஆனால் விஷயம் புரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஊசியைப் போட்டு, பெயர் எழுதி, மஞ்சள் அட்டையை அவளிடம் நீட்டினார். ஆயுள் முழுக்கச் செல்லும் என்றார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

6

வீட்டுக்கு வந்து பிள்ளைகளுக்குப் போன் செய்தேன். அப்பா வர முடியாது என்றால் பயணத்தையே தள்ளிவைப்பார்கள், ஊசி தேவைப்படாத தென்னாப்பிரிக்காவுக்கு அடுத்த வருஷம் எல்லாருமாகப் போகலாம் என்பார்கள் என்று நினைத்தேன். மது "அச்சா. அப்போ அம்மா வருவாங்கல்ல?" என்றாள். அரவிந்த் வருத்தப்பட்டான். பிறகு அவனுக்கு ஜூனை விட்டால் லீவு கிடையாது, அடுத்த வருஷம் எந்த வேலையில் இருப்பான் என்றே தெரியாது என்று விளக்கினான். எல்லாம் நியாயம். நியாயமாக இருப்பதுதான் எரிச்சல்.

அன்று சாப்பிடும்போது கமலாவிடம் என் யோசனையைச் சொன்னேன். குரூகர் என்கிற பெரிய காடு தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது, கழுதைப்புலி அங்கேயும் உண்டு, அடுத்த கோடையில் நாம் இரண்டு பேர் மட்டும் போகலாம் என்றேன். அவள் என் தட்டில் ரசம் ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள்.

"நான் குத்தம் சொல்லல. லீவு விட்டா ஊருன்னீங்க, வந்தேன். உங்க வீட்லயும் எங்க வீட்லயும் ஒரு விசேசம் விடல. ஆனா எனக்கு எங்க போகணும்னு ஒரு தடவதான் கேட்டீங்க, அதுவும் இந்த மார்ச் மாசம். பதில் சொல்லிட்டேன். அரவிந்த் வர்றான், மது வர்றா. எனக்கு இப்ப காலு நல்லாருக்கு, கண்ணு நல்லாருக்கு. அடுத்த வருசம் உங்களோட தென்னாப்பிரிக்கா போறதுன்னா அதுக்கும் வர்றேன். இத விட மாட்டேன்."

என் கைவிரல்கள் காலையில் மடங்காது. குளிர்காலத்தில் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிடுவாள். அதை யார் செய்வது என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. ஜூன் மாத டெல்லியில் சட்டையே தேவையில்லை, பனியன் போதும். அந்த வாதமும் போயிற்று.

மறுநாள் கமலாவே சோப்ராவுக்குப் போன் செய்தாள். பிள்ளைகள் கேட்ட மாதிரி மூன்று காடுகள், இரண்டு ஏரி என்று ஓட வேண்டாம், மாசாய் மாரா காட்டில் ஒரே கூடாரத்தில் எல்லா நாளும் தங்க வேண்டும் என்றாள். நீச்சல் குளம் இருக்கிற இடத்தை மது கேட்டபோது, குளத்தில் குளிக்க டெல்லியிலேயே தால்கட்டோரா இருக்கிறது, போ என்றாள். அவள் வகுப்பில் எப்படிப் பேசுவாள் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் மாதக்கணக்கில் முடிக்காததை அவள் ஒரு போனில் முடித்தாள்.

விமான நிலைய வாசலில் டிக்கெட் இல்லாதவரை உள்ளே விடமாட்டார்கள். துப்பாக்கியோடு நின்ற காவலர் அவள் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு, சார் வரவில்லையா என்றார். அவருக்கு உடம்பு முடியவில்லை என்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்து, வெந்தயக் குழம்பு ஃப்ரிட்ஜில் மேல் தட்டில் இருக்கிறது என்றாள். மது அவள் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

7

இரண்டாம் நாளே கழுதைப்புலி கிடைத்துவிட்டது. சேற்றுக்குட்டையில் வயிறு பெருத்துப் படுத்திருக்கும் ஒரு படம் வந்தது. கீழே, இதுதான் தலைவி என்று கமலா தமிழில் எழுதியிருந்தாள். காரையாற்றுக் கரடிகூட இதைவிட லட்சணம் என்று வாய்ஸ் நோட்டில் பதில் போட்டேன். மூன்று பேரிடமிருந்தும் கோபப் பொம்மைகள் வந்தன.

நான் வீட்டில் ஒரு மாதிரி சமாளித்தேன். பாட்டில் மூடி திறக்க எதிர் ஃப்ளாட் சர்தாரைக் கூப்பிட்டேன். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. ஊரிலிருந்து மைத்துனர் போன் செய்து, மனைவியைத் தனியாக வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டாயாமே என்றார். டெல்லிக்குக் கூட்டிவந்தபோதே அனுப்பியாகிவிட்டது என்றேன். அவருக்குப் புரியவில்லை.

ஒரு நாள் காலை, நான் டீ போட்டு உட்கார்ந்த நேரத்தில் வீடியோ அழைப்பு வந்தது. திரையில் புல் மட்டும் தெரிந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது போல. உயரமான, பழுப்புப் புல். படம் ஆடியது. என்ன அது, யார் அங்கே, ஒன்றும் தெரியவில்லையே என்று சத்தமாகக் கேட்டேன்.

"பேசாதீங்கப்பா" என்றான் அரவிந்த், மிகவும் மெதுவாக.

டீ தம்ளரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன். புல்லுக்குள் ஏதோ ஒன்று இருந்தது என்று மட்டும் புரிந்தது. என்னவென்று தெரியவில்லை. காற்று புல்லை உரசுகிற சத்தம் கேட்டது. அதற்கு அடியில், போனுக்கு மிகப் பக்கத்தில், மூன்று பேர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எது யாருடையது என்று கூர்ந்து கேட்டால் பிரித்துச் சொல்லிவிடலாம் போல இருந்தது. கமலாவுடையதை உடனே பிடித்துவிட்டேன்.

கீழே தெருவில் காய்கறி வண்டிக்காரர் பிண்டி, தோரி என்று கத்த ஆரம்பித்தார். அந்தச் சத்தம் அங்கே கேட்டுவிடக் கூடாது என்று எழுந்து போய் பால்கனிக் கதவைச் சாத்தினேன்.